'எக்ஸ்மிலிட்டரி' பழைய பிரதி யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களுக்கு வணக்கம். டெத் கிரிப்ஸ் என்ற ராப் இசைக்குழு 2011 ஏப்ரலில் இணையத்தில் இலவசமாக வெளியிட்ட முதல் மிக்ஸ்டேப் (பாடல் தொகுப்பு) 'எக்ஸ்மிலிட்டரி'. கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ ஊர்க்காரர்கள். அப்போதே இறக்கி வைத்திருந்தேன். போன வாரம் பழைய ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் டக், டக் என்று சத்தம் மட்டும்தான் வருகிறது. கடைக்காரர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

அந்த மிக்ஸ்டேப்பில் யார் யாருடைய இசைத் துணுக்குகளை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். 'ஸ்ப்ரெட் ஈகிள் கிராஸ் த பிளாக்' பாட்டில் கிட்டார் கலைஞர் லிங்க் ரேயின் 'ரம்பிள்' கிட்டார் இசை. 1958இல் வந்தது, இன்றைக்கும் என்ன முரட்டுத்தனம்! 'கிளிங்க்' பாட்டில் பங்க் குழுவான பிளாக் ஃபிளாக்கின் 'ரைஸ் அபவ்'. 'ஐ வான்ட் இட் ஐ நீட் இட்' பாட்டில் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் ஆரம்பகால இசை. மற்ற இடங்களில் டெத் கிரிப்ஸ் பாடகர் எம்சி ரைட் தொண்டை கிழியக் கத்துவதில் பின்னால் ஓடுவது சரியாகப் பிடிபடவில்லை. (வீட்டில் ஸ்பீக்கரில் போடவும் தடை. ஹெட்ஃபோன்தான்.)

இதன் இசையையும் குரலையும் தனித்தனியாகப் பிரித்து 'பிளாக் கூகுள்' என்ற பெயரில் அவர்களே விட்டிருந்தார்கள். அது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், என் வேலை பாதியாகக் குறையும். அப்புறம், 2011இல் இறக்கிய மூலப் பிரதி இருந்தால் கோப்புகளின் பெயர்களை மட்டுமாவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுங்கள். 'கில்லட்டின்' பாட்டில் எதையாவது அடையாளம் கண்டவர்கள் இருந்தால் எத்தனையாவது நொடி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.