புதுப்பிப்பு: பச்சைப் பந்தலுக்கடியில் எடுத்த நலங்குப் படங்கள், முகநிறம் சரியானது

போன வாரம் கேட்டிருந்தேன்: நண்பகல் வெயில், பச்சைத் துணிப் பந்தல், எல்லோர் முகமும் பச்சையடித்து நோயாளி மாதிரி, எப்படிச் சரிசெய்வது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் டிராப்பர் (தொட்ட இடத்தை நிறச்சாயல் இல்லாததாகக் கொண்டு படத்தின் நிறத்தைத் திருத்தும் கருவி) வைத்துப் பார்த்தேன். முகங்கள் இன்னும் மஞ்சளாகிவிட்டன. வேட்டிக்குப் போட்ட நீலம்தான் காரணம். மென்பொருள் அந்த நீலத்தை நடுநிலை என்று எண்ணி எதிர்ப்பக்கம் தள்ளிவிடுகிறது. வெள்ளைத் துணியை நம்பாதீர்கள்.

பலித்தது நீங்கள் சொன்ன கிரே கார்டு (நிறச்சாயல் இல்லாத சாம்பல் அட்டை) யோசனைதான். நல்லவேளை, பந்தல் பிரிக்கவில்லை. மறுநாள் அதே நேரத்தில், அதே இடத்தில் 18% ஒளியைத் திருப்பியனுப்பும் அந்தச் சாம்பல் அட்டையை RAW கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலப்படம்) எடுத்து, லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் அதன்மேல் டிராப்பர் வைத்தேன். நிற வெப்பநிலை (நீலம்–மஞ்சள் அளவு) 5300 கெல்வின் பக்கமே நின்றது. டின்ட் (பச்சை–மெஜந்தா அளவு) மட்டும் பச்சைக்கு எதிரான மெஜந்தா பக்கம் +34 போனது. நான் அதுவரை வெப்பநிலையை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தேன்! அந்த அமைப்பை எல்லாப் படங்களுக்கும் ஒட்டினேன். பந்தல் ஓரத்தில் நின்றவர்களுக்கு வெளிவெயில் கலந்ததால் அது ஒத்துவரவில்லை. அவர்களுக்கு மாஸ்க் போட்டு, அதாவது அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, தனியாகத் திருத்தினேன். RAW இல்லாமல் ஜேபெக்காக (கேமராவே பதப்படுத்திச் சுருக்கிய கோப்பு) எடுத்த சில படங்கள் பாதிதான் தேறின.

எதிர்பாராதது ஒன்று. கல்யாணப் பெண்ணின் கன்னம் அப்புறமும் மஞ்சளாகவே இருந்தது. ஆரஞ்சு, மஞ்சள் ஸ்லைடர்களோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன். அம்மா எட்டிப் பார்த்து, "அது பூசின மஞ்சள்டா" என்றார்.