இட்டெர்பியம் ஆக்சைடில் 2 கெல்வின் வரை காந்த ஒழுங்கு இல்லை: ஸ்பின் திரவம் என்று எழுதலாமா?

பொருநைக்கரை மாணவி:
பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். இட்டெர்பியம் அயனிகள் முக்கோண வலைகளாக அடுக்கடுக்காய் அமைந்த ஓர் ஆக்சைடுதான் என் ஆய்வேட்டுக்குப் பொருள். காந்த ஏற்புத்திறனை, அதாவது வெளிக்காந்தப் புலத்தில் பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்பதை, வெளியூர் ஆய்வகத்தில் அளந்து வாங்கினோம். 100 முதல் 300 கெல்வின் வரையிலான தரவுக்கு கியூரி-வீஸ் கோடு (ஏற்புத்திறன் வெப்பநிலையோடு மாறும் விதி) போட்டால், அயனிகளுக்கிடையிலான காந்த இடைவினையைக் காட்டும் வீஸ் வெப்பநிலை −70 கெல்வின் வருகிறது. 2 கெல்வின் வரை ஒழுங்கு எதுவும் தெரியவில்லை. 70-ஐ 2-ஆல் வகுத்தால் 35. இந்த இழுபறி விகிதம் பத்தைத் தாண்டினாலே ஸ்பின்களுக்கிடையே (அயனிகளின் நுண்காந்தங்களுக்கிடையே) கடும் இழுபறி என்று படித்திருக்கிறேன். எவ்வளவு குளிர்ந்தாலும் ஸ்பின்கள் ஒழுங்காகாமலும் உறையாமலும் இருக்கும் குவாண்டம் ஸ்பின் திரவம் என்று முடிவுரையில் எழுதலாமா? வழிகாட்டி எழுதச் சொல்கிறார். எனக்குத்தான் நெருடுகிறது.

வண்ணார்பேட்டை அண்ணாச்சி:
எழுதாதீர்கள் அம்மா. முதலில் அந்த −70-ஐ அடித்துவிடுங்கள்.

இட்டெர்பியம் அயனியின் 4எஃப் கூட்டில் 13 எலக்ட்ரான்கள். மொத்தக் கோண உந்தம் 7/2. ஆக எட்டு நிலைகள். சுற்றியிருக்கும் ஆக்சிஜன்களின் மின்புலம் அந்த எட்டையும் நான்கு இரட்டைகளாகப் பிரித்துவிடும். இவ்வகை ஆக்சைடுகளில் அடி இரட்டைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி பெரும்பாலும் 30, 40 மில்லி எலக்ட்ரான்வோல்ட். வெப்பநிலையில் சொன்னால் 350 முதல் 450 கெல்வின். நீங்கள் கோடு போட்ட வட்டாரத்தில் மேல் இரட்டைகள் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிக்கொண்டிருக்கின்றன. கோடு வளைய அதுவே போதும். அயனிகள் ஒன்றையொன்று எட்டிப் பார்க்காமல் இருந்தாலும் இப்படியொரு பெரிய எதிர்மறை எண் வரும். இதை வைத்து இழுபறி விகிதம் போட்டு அச்சேறிய கட்டுரைகளும் உண்டு என்பதுதான் எனக்கு எரிச்சல்.

20 கெல்வினுக்குக் கீழே, வான் விளெக் பங்கை (மேல் இரட்டைகளின் கலப்பால் வரும், வெப்பநிலையோடு மாறாத காந்த ஏற்பை) கழித்துவிட்டுப் பொருத்துங்கள். அங்கே அடி இரட்டை மட்டும்தான். அது ஸ்பின் 1/2 போலவே நடந்துகொள்ளும். 4எஃப் எலக்ட்ரான்கள் உள்ளே ஒடுங்கிக் கிடப்பதால் இடைவினை சில கெல்வினைத் தாண்டாது. இட்டெர்பியம் மக்னீசியம் காலியம் ஆக்சைடில் வீஸ் வெப்பநிலை −4 கெல்வின் அளவுதான். 4-ஐ 2-ஆல் வகுத்துப் பாருங்கள்: வெறும் 2, பத்துக்கு வெகு கீழே.

2 கெல்வினில் ஒழுங்கு இல்லை என்பது இந்தக் குடும்பத்தில் செய்தியே இல்லை. இட்டெர்பியம் அலுமினியம் ஆக்சைடில் ஸ்பின்கள் சங்கிலிகளாக நிற்கின்றன. சங்கிலிக்குள் இடைவினை சுமார் 2.4 கெல்வின். பத்தமடைப் பாயில் கோரைகளைக் கோக்கும் பாவு நூல் போலச் சங்கிலிகளுக்கிடையே மெல்லிய பிணைப்பு; அதுவே 0.88 கெல்வினில் எல்லாவற்றையும் ஒழுங்குக்கு இழுத்து வந்துவிடுகிறது. 2 கெல்வினோடு நிறுத்தியிருந்தால் அதற்கும் திரவப் பட்டம் கிடைத்திருக்கும்.

தேரிக்காட்டான்:
இடையில் ஒரு சந்தேகம். மணவாளக்குறிச்சி மணலில் இந்த இட்டெர்பியம் கிடைக்குமா?

வண்ணார்பேட்டை அண்ணாச்சி:
அந்த மணலிலுள்ள மோனசைட் என்ற கனிமத்தில் சீரியம், லாந்தனம், நியோடிமியம்தான் மிகுதி, கூடவே தோரியம். இட்டெர்பியம் பெயருக்குத்தான் இருக்கும்.

களக்காட்டுப் பையன்:
அண்ணாச்சி சொன்னதோடு தன்வெப்ப அளவீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா; ஸ்பின்களின் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) எந்த வெப்பநிலையில் எவ்வளவு குறைகிறது என்று அதிலிருந்து கணக்கிடலாம். அடி இரட்டையின் முழு என்ட்ரோபி மோலுக்கு 5.76 ஜூல்/கெல்வின். 2 கெல்வினுக்கு மேல் அதில் சிறு பங்குதான் வெளியேறியிருந்தால், நாடகம் இன்னும் தொடங்கவில்லை என்று பொருள். படிக அதிர்வுகளின் பங்கைக் கழிக்க, இட்டெர்பியத்துக்குப் பதில் காந்தத்தன்மை இல்லாத லூட்டீசியம் போட்டு அதே சேர்மத்தைச் செய்ய வேண்டும்.

மில்லிகெல்வின் வரை போனாலும் எச்சரிக்கை தேவை. அண்ணாச்சி குறிப்பிட்ட காலியம் சேர்மத்தை 2015-இல் ஸ்பின் திரவம் என்று கொண்டாடினார்கள். அதில் மக்னீசியமும் காலியமும் ஒரே இடத்தில் தாறுமாறாகக் கலந்திருக்கின்றன. 2018-இல் 0.1 கெல்வினருகே, ஸ்பின்கள் தாறுமாறான திசைகளில் நின்றுவிடும் கண்ணாடி போன்ற உறைநிலை தெரிந்தது. சோடியம் இட்டெர்பியம் ஆக்சைடில் அந்தக் கலப்படம் இல்லை. 50 மில்லிகெல்வின் வரை ஒழுங்கும் இல்லை. என் நம்பிக்கை அதன் பக்கம்தான்.

பொருநைக்கரை மாணவி:
5 முதல் 20 கெல்வின் வரை பொருத்தினேன்: −3.2 கெல்வின். நன்றி அண்ணாச்சி, நன்றி தம்பி. குறைந்த வெப்பநிலை அளவீட்டுக்கு எங்கே கேட்பது?

வண்ணார்பேட்டை அண்ணாச்சி:
பல்கலைக்கழக மாணவர்களுக்கென்றே இந்தூரில் யுஜிசி-டிஏஇ கூட்டமைப்பு (பல்கலைக்கழக மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் சேர்ந்த ஆய்வு அமைப்பு) இருக்கிறது. வழிகாட்டி வழியாக விண்ணப்பியுங்கள். பக்கத்தில் என்றால் திருவனந்தபுரம் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்). லூட்டீசியம் ஆக்சைடை எடைபோடும் முன் 900 டிகிரியில் ஓரிரவு சூடாக்கிவிடுங்கள். ஈரத்தையும் சேர்த்து எடைபோட்டால் விகிதம் கெட்டுவிடும்.