கான்ட்ராஸ்ட் எக்கோ: பக்கச் சுவரின் அளவை நம்பலாமா?

எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) பார்க்கிறவர்கள் யாராவது உதவுங்களேன். கான்ட்ராஸ்ட் எக்கோவில் இதயத் தசையின் ரத்த ஓட்டத்தை அளக்கப் பழகி வருகிறேன். ரத்தத்தில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தின் மைக்ரோபபிள்களை, அதாவது நுண்ணிய வாயுக் குமிழிகளை, சக்தி கூடிய அலையால் உடைத்துவிட்டு, அவை தசையில் திரும்ப நிரம்புவதைப் பார்க்கிறோம். நிரம்பும் வேகம் பீட்டா, கடைசியில் எட்டும் பிரகாசம் ஏ. இரண்டையும் பெருக்கினால் ஓட்டம். ஓய்வில் சுமார் 5 வினாடியிலும், ஸ்ட்ரெஸ்ஸில் (உடற்பயிற்சியாலோ மருந்தாலோ ஓட்டத்தைக் கூட்டும்போது) 2 வினாடிக்குள்ளும் நிரம்ப வேண்டும். இதுவரை சரி.

ஆனால் நான்கு அறைக் காட்சியில், இடது கீழறையின் பக்கச் சுவரில் மைட்ரல் வால்வை ஒட்டிய பகுதி மட்டும் பலருக்கும் இருட்டாகவே வருகிறது. சுவர் நன்றாகத்தான் சுருங்குகிறது! ஏ குறைவு, பீட்டாவில் குறையில்லை. நிழல்தான், அதாவது அலை அங்கே சரியாக எட்டவில்லை, என்பது என் சந்தேகம். கான்ட்ராஸ்ட் மருந்தை மெதுவாக ஏற்றியும் முழுசாகப் போகவில்லை. அங்கே பீட்டாவை மட்டும் எடுத்துக்கொள்வீர்களா, புரோபை நகர்த்தி வேறு காட்சி பார்ப்பீர்களா? அப்புறம், மெக்கானிக்கல் இன்டெக்ஸ் (அலையின் சக்தியைக் காட்டும் எண்) எவ்வளவு வைக்கிறீர்கள்?