60 அடி ரோட்டில் நடைபாதையும் சைக்கிள் பாதையும்: மக்களிடம் எப்படிக் கேட்பது?

பனியன்நகரத்தான்
வணக்கமுங்க. திருப்பூரில் எங்கள் வார்டு வழியாகப் போகும் 60 அடி ரோடு, சுமார் ஒன்றரை கிலோமீட்டர். இருபுறமும் பனியன் கம்பெனிகள், ஒரு பள்ளி, சாயங்காலம் தள்ளுவண்டிகள். நடைபாதை, சைக்கிள் பாதை வேண்டும் என்று ஏரியா சபையில் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் சபை) வைக்கப் போகிறோம். மக்கள் கருத்தோடு வாருங்கள் என்கிறார் கவுன்சிலர். கூட்டம் போட்டால் பார்க்கிங் பேச்சிலேயே முடிந்துவிடும். வேறு வழி உண்டா? அகலம் போதுமா?

நொய்யல்கரை
முதலில் ரோடு யாருடையது என்று பாருங்கள். நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் மாநகராட்சி மட்டும் முடிவு செய்ய முடியாது.

அகலக் கணக்கு: 60 அடி என்பது 18.3 மீட்டர். பஸ் போய்வர 7 மீட்டர் ஒதுக்கினால் பக்கத்துக்கு ஐந்தரை மீட்டருக்குச் சற்று அதிகம் கிடைக்கும். கடை வாசல், சுவரோரம் 0.5, நடக்க 1.8, மரம், மின்கம்பம், டிரான்ஸ்பார்மருக்கு 1.2, சைக்கிளுக்கு 2. சரியாக 5.5 ஆகிவிட்டது. இந்தியச் சாலைக் குழுமத்தின் நடைபாதை வழிகாட்டியான ஐஆர்சி 103 குடியிருப்புப் பகுதிக்குக் கேட்கும் குறைந்தபட்சமே அந்த 1.8, கடைவீதி என்றால் 2.5. ஆனால் பட்டா எல்லை முதல் எல்லை வரை 50 மீட்டருக்கு ஒரு முறை டேப் பிடித்து அளந்துவிட்டுத்தான் பேசவேண்டும். 60 அடி ரோடு எல்லா இடத்திலும் 60 அடியாக இருக்காது.

சைக்கிள்சாமி
கூட்டத்துக்கு வர்றவங்க வீட்டுக்காரங்க, கடைக்காரங்க. நடக்கறவங்க வரமாட்டாங்க, ஷிப்டுல இருப்பாங்க. அதனால ரோட்டுலயே கேக்கோணுமுங்க.

காலைல ஏழரையிலிருந்து ஒன்பதரை, பள்ளி விடுற நேரம், ஒன்றரை ஷிப்டு (பன்னிரண்டு மணி நேர வேலை) விடுற ராத்திரி எட்டரை. பக்கத்துக்கு ஒருத்தர் நின்னு, கால் மணிக்கு ஒரு கட்டமா எண்ணுங்க. நடக்கறவங்க, சைக்கிள், தள்ளுவண்டி, வீல்சேர் தனித்தனியா. சம்பளச் சனிக்கிழமை சாயங்காலத்தை வேற தாள்ல எழுதுங்க, அந்தக் கூட்டமே வேற.

"நடைபாதை வேணுமா"ன்னு கேட்டா எல்லாரும் வேணும்னுதான் சொல்வாங்க. "எந்த இடத்துல ரோட்டுல இறங்கி நடக்கறீங்க, எங்க ரோட்டைக் கடக்கறீங்க"ன்னு கேளுங்க. பெரிய வரைபடத்தை பேக்கரி வாசல்ல விரிச்சு, பொட்டு ஒட்டச் சொன்னாப் போதும். ஒடியாக்காரங்க, பீகார்க்காரங்க நிறைய நடக்கற ரோடு. தமிழ்ல மட்டும் நோட்டீஸ் அடிச்சா பாதிப் பேர் விட்டுப்போகும்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை 30 மீட்டர் நீளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, கயிறு கட்டி, அந்த 5.5 மீட்டரை அப்படியே காட்டுங்க. பார்க்கிங் கேக்கறவங்களுக்கு அதுக்கான 2 மீட்டரை எதுல எடுக்கறதுன்னு அவங்க கண்ணுக்கே தெரிஞ்சுபோகும்.

அளவுகோல்
மேலே சொன்னது சரி. கெட்டுப்போகும் இடங்களையும் வரைபடத்திலேயே குறியுங்கள்.

நம் ஊரில் சாக்கடை மூடிதான் நடைபாதை. சாக்கடை உயர, பாதையும் ஒன்றரை அடி ஏறிவிடும். வயதானவர்கள் ஏற மாட்டார்கள். ரோட்டிலிருந்து உயரம் 15 செ.மீ.க்கு மேல் வேண்டாம். கம்பெனி கேட் வரும் இடத்தில் பாதையை வெட்டி இறக்காதீர்கள். பாதை மட்டமாகவே போகட்டும், லாரி ஏறுவதற்கான சரிவு ரோட்டு ஓரத்தில் மட்டும். அங்கே 80 மி.மீ. கனத்தில் பேவர் (தரையில் பதிக்கும் சிமென்ட் கல்), மற்ற இடத்தில் 60. ஓரக் கல் இல்லாமல் பேவர் பதித்தால், அடியிலிருக்கும் மணல் ஒரு மழைக்கு அரித்துப்போய், கல் ஆட ஆரம்பிக்கும்.

பைக் ஏறாமல் இருக்க நடும் கம்பங்களை நம்பிவிடாதீர்கள். வீல்சேருக்கு 90 செ.மீ. இடைவெளி விட்டாக வேண்டும். அதில் பைக்கும் நுழையும். சைக்கிள் பாதையையும் பஸ் ஸ்டாப்பில்தான் கவனிக்கவேண்டும்: நிழற்குடைக்குப் பின்னால் திருப்பாவிட்டால் பயணிகள் அதிலேயே நிற்பார்கள்.

பனியன்நகரத்தான்
தள்ளுவண்டிகளை எடுக்கச் சொல்லிச் சிலர் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். என்ன செய்வது?

நொய்யல்கரை
2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும்வரை அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது. அந்தச் சட்டப்படி அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்கவேண்டும், அவர்களோடு பேசுங்கள். மரம், கம்பம் இருக்கும் 1.2 மீட்டர் பட்டையில் இடைவெளி பார்த்து இடம் ஒதுக்கலாம். வாங்குபவர் நிற்கவும் இடம் வேண்டும், அங்கே சைக்கிள் பாதையை நெருக்க வேண்டியிருக்கும்.

சபைக்கு மூன்று கட்டம் போட்ட தாள் கொண்டுபோங்கள்: கேட்டது, ஏற்றது, ஏற்காததற்குக் காரணம். அதைத் தீர்மானத்தோடு இணைத்து நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்லி, நகல் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.