தாத்தா வீட்டுக் குழு: கிராண்டில் உள்ள ‘முக்கிம்’

கவிதா: தாத்தா நிலத்தின் வரியை மே 31க்குள் கட்ட வேண்டும். எங்கே கட்டுவது? கிராண்டின், அதாவது நில உரிமைப் பத்திரத்தின், படத்தில் ‘முக்கிம்’ என்று போட்டு ஓர் எண் மட்டும் இருக்கிறது. அது எந்த ஊர்?

முரளி: மாநகர் மன்றம்தானே?

பெரியப்பா: இல்லை. அங்கே கட்டுவது வீட்டு மதிப்பீட்டு வரி. நிலவரி மாவட்ட நில அலுவலகத்துக்கு. நமக்குப் புக்கிட் மெர்தாஜாம்.

சின்ன அத்தை: பதினாறாம் நாளுக்கு வாழை இலை யார் சொல்வது?

பெரியப்பா: கவிதா, முக்கிம் ஊர்ப்பெயர் அன்று. அரபுச் சொல்லிலிருந்து வந்தது. குடியிருப்பவர் என்று பொருள். இஸ்லாமியரின் ஷாஃபி மரபில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அவ்வூரிலேயே நிலையாகக் குடியிருக்கும் 40 ஆண்கள் வேண்டும். அப்படி ஒரே பள்ளிவாசலில் கூடும் மக்களின் வட்டாரம்தான் முக்கிம். வெள்ளைக்காரர்கள் அதையே நில அளவைக்கும் வரிக்கும் வைத்துக்கொண்டார்கள். பினாங்கில் அதற்கு எண்ணும் போட்டார்கள்.

சித்தப்பா: கிராண்ட் யாரிடம் இருக்கிறது?

பெரியப்பா: என் அலமாரியில்.

சித்தப்பா: எப்போதிலிருந்து?

ஸ்டெல்லா சித்தி: எங்கள் கோயிலில் ‘பங்கு’ என்கிறோமே, அதுபோலவா?

பெரியப்பா: அதேதான் அம்மா. இங்கிலாந்தில் பங்கு என்றால் ஒரு தேவாலயத்தின் எல்லை. ஏழைகளைப் பராமரிக்கும் வரியையும் அதே எல்லையில்தான் வாங்கினார்கள். ஊர்க்காரியத்தைப் பார்க்கும் பங்கு மன்றம் 1894இல் சட்டம் போட்ட பிறகே தனியாக வந்தது. தொழும் இடத்தைச் சுற்றி வரி வாங்குவது அவர்களுக்குப் பழகிய வேலை.

சின்ன அத்தை: உன் கல்யாணத்துக்கு அப்பா புனித அன்னாள் ஆலயத்துக்கு வரவே இல்லையே.

ஸ்டெல்லா சித்தி: அதன் பிறகு ஜூலை 26 திருவிழாவுக்கு ஆண்டுதோறும் என்னோடு மெழுகுவர்த்தி வாங்க வந்தார். அதையும் சொல்லுங்கள் அண்ணி.

முரளி: பினாங்குத் தீவுக்கும் நமக்கும் ஏன் தனித்தனி மன்றம்?

பெரியப்பா: வெள்ளைக்காரர் பிரான்சிஸ் லைட் 1786இல் தீவில் இறங்கினார். நம் கரையான செபராங் பிறை கெடா அரசிடமிருந்து 1800இல்தான் வந்தது. கல்கத்தாவில் இருந்த கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் பெயரை வைத்தார்கள். இன்றும் இரண்டு மன்றங்கள். தீவுக்கு 2015இல் மாநகர் தகுதி, செபராங் பிறைக்கு 2019இல். தீவுக்காரர்கள் 1957 என்பார்கள். அது தீவிலுள்ள ஜார்ஜ்டவுன் நகருக்கு மட்டும்.

சித்தப்பா: அண்ணா, கிராண்ட்.

பெரியப்பா: அப்பா தவறிய அன்று விடியுமுன் நாற்காலி இறக்கியவர்கள் பள்ளிவாசல் பக்கத்து வீட்டார். அந்த முக்கிமில் நாமும் குடியிருந்தவர்கள். நிலத்தைக் கைமாற்ற யாரும் அவசரப்பட வேண்டாம்.

சித்தப்பா: விற்கிறேன் என்று யார் சொன்னார்கள்?

சின்ன அத்தை: இலை 100 போதுமா?

ஸ்டெல்லா சித்தி: 150 சொல்லுங்கள். பள்ளிவாசல் பக்கத்தாரும் வருவார்கள்.

கவிதா: செவ்வாய்க்கிழமை புக்கிட் மெர்தாஜாம் போகிறேன். யார் வருகிறீர்கள்?

முரளி: புதன் என்றால் வருகிறேன்.

சித்தப்பா: நானும் வருகிறேன். கிராண்டைக் கொண்டுவரச் சொல்.

பெரியப்பா: நகல் தருகிறேன்.