டிசம்பர் 24 ராத்திரி சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறீர்கள்?

ஞானஒளிவுபுரம் மருமகள்:
கல்யாணம் ஆனதிலிருந்து கிறிஸ்துமஸ் என்றாலே மாமியார் ஊருக்குப் போய்விடுவோம். குடில் கட்டுவது, பலகாரம் சுடுவது, பிள்ளைகளைத் தூங்க வைத்துப் பூசைக்கு எழுப்புவது எல்லாம் அங்கே பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நான் கூடமாட நின்றதோடு சரி. இந்த வருஷம் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை, மதுரையிலேயே இருக்கிறோம். 25ஆம் தேதி பிரச்சினையே இல்லை, புதுத்துணி, பிரியாணி, டிவி என்று தானாக ஓடிவிடும். 24 சாயங்காலத்தை நினைத்தால்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. பெரியவள் இரண்டாம் வகுப்பு. யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு, சாக்ஸ் தொங்கவிடணும், கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குப் பாலும் பிஸ்கட்டும் வைக்கணும் என்கிறாள். நம் வீட்டில் புகைபோக்கி இல்லையே, ஜன்னலுக்கும் கொசுவலை அடித்திருக்கிறதே, அவர் எந்த வழியாக உள்ளே வருவார் என்று அவளே கேட்கிறாள். சின்னவனுக்கு இன்னும் நாலு முடியவில்லை, எட்டரைக்கெல்லாம் சாய்ந்துவிடுவான். அவனைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவுப் பூசைக்குப் போகணுமா? உங்கள் வீட்டில் இந்த ஒரு ராத்திரிக்கென்று பிள்ளைகளோடு வழக்கமாகச் செய்வது என்ன, கொஞ்சம் சொல்லுங்களேன்.

கீழவாசல்காரி:
தங்கச்சி, முதலில் பூசை விஷயம். நள்ளிரவுப் பூசைக்குத்தான் போகணும் என்று சட்டம் கிடையாது. திருவிழிப்பு, நள்ளிரவு, விடியற்காலை, பகல் என்று கிறிஸ்துமஸுக்கு நாலு பூசை உண்டு, எதில் கலந்துகொண்டாலும் சரிதான். எல்லாப் பங்கிலும் நாலையும் வைக்க மாட்டார்கள், அதனால் கோயில் பலகையில் நேரம் பார்த்துக்கொள். சின்னவனைத் தூக்கத்தில் தூக்கிக்கொண்டு போனால் அவனுக்கும் அழுகை, உனக்கும் பூசை பார்த்த மாதிரி இருக்காது. பெரியவளை மட்டும் சாயங்காலம் ஒரு தூக்கம் போட வைத்துக் கூட்டிக்கொண்டு போ. ‘உன்னதங்களிலே’ பாட ஆரம்பித்ததும் கோயில் மணியெல்லாம் சேர்ந்து அடிக்கும், பாலன் இயேசுவை எடுத்துக் குடிலில் வைப்பார்கள், அந்த வயதில் பார்த்தால் காலத்துக்கும் மறக்காது. ஆனால் ஸ்வெட்டரும் குல்லாவும் இல்லாமல் போகாதே, லேட்டாகப் போகிறவர்களுக்கெல்லாம் வெளியே பனியில்தான் நாற்காலி.

வீட்டு வழக்கம் என்று கேட்டால் எங்களுக்குக் குடில்தான் எல்லாம். இப்போதே கட்டி, மாதா, சூசையப்பர், ஆடு, மாடு எல்லாவற்றையும் வைத்துவிடு, தீவனத்தொட்டியை மட்டும் காலியாக விடு. தினமும் படுக்கப் போகும் முன்னால், அன்றைக்கு ஏதாவது நல்லது செய்த பிள்ளை தொட்டியில் ஒரு வைக்கோல் போடலாம். என்ன நல்லது என்று நான் விசாரிப்பதே இல்லை, விசாரித்தால் தம்பியை அடிக்காததெல்லாம் கணக்கில் வந்துவிடும். பாலனைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருப்போம். 24 ராத்திரி, வீட்டில் யார் கடைக்குட்டியோ அந்தப் பிள்ளைதான் எடுத்துவந்து வைக்கணும், மற்றவர்கள் விளக்கை அணைத்துவிட்டுப் பாடணும். உங்கள் வீட்டில் எட்டு மணிக்கே வைத்துவிடுங்கள், கடிகாரம் பார்க்கப் போவது யார்? மூன்று ராஜாக்களை அன்றைக்கே குடிலில் நிறுத்தாதே. ஃபிரிட்ஜ் மேலிருந்து கிளப்பி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஜனவரி 6 அன்றைக்குக் கொண்டுவந்து சேர்க்கலாம். இதில் பெரியவளுக்கு லீவு முடியும் வரை வேலை இருக்கும்.

பொம்மை வாங்கவில்லை என்றால் ஒரு நடை விளாச்சேரி போய்ப் பார். கொலு பொம்மை செய்கிறவர்களே குடில் செட்டும் மண்ணில் செய்கிறார்கள்.

பசுமலைக்காரன்:
நாங்கள் சிஎஸ்ஐ, புராட்டஸ்டன்ட் சபை, கொஞ்சம் வேறு மாதிரி. எங்கள் சபையில் ஆராதனை 25 விடியற்காலைதான், அதனால் 24 ராத்திரி சீக்கிரம் படு என்பதுதான் பெரிய வழக்கம், ஒருத்தரும் படுக்க மாட்டோம் என்பது வேறு கதை. பகலெல்லாம் அடுப்படி. சுடுகிற இடத்தில் பிள்ளைகளை விட முடியாது, ஆனால் கலகலா உருட்ட அவர்களை விட்டால் ஆளில்லை. மைதா, சர்க்கரை, முட்டை, கொஞ்சம் தேங்காய்ப்பால் போட்டுப் பிசைந்து கோலிக்குண்டு அளவு உருட்டிக் கொடுத்துவிட்டால், முள்கரண்டி முதுகில் வைத்து அழுத்திச் சுருட்டி எடுப்பார்கள், மேலே வரிவரியாக விழும். முள்கரண்டி போதவில்லை என்றால் பிரிக்காத புதுச் சீப்பு. கால்வாசி வாய்க்குள் போகும், பச்சை மாவு வேண்டாம் என்று கத்திக்கொண்டே இருக்கணும்.

தாத்தா விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. பாலும் பிஸ்கட்டும் வைத்து நாமே ராத்திரி எழுந்து குடித்துவிட்டு, அவர் குடித்தார் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. நம் ஊரில் தாத்தா கேரல் ரவுண்டில்தானே வருகிறார்? பிளாஸ்டிக் முகமூடியும் பஞ்சு தாடியுமாக மினி லாரியில் நின்று ஆடுவார், முகமூடிக்குள்ளே யார் என்று பிள்ளைகளுக்கு செருப்பைப் பார்த்தே தெரிந்துவிடும். சின்னவன் பயப்படலாம், முகமூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், தப்பில்லை. பெரியவளுக்கு நிஜ ஆளின் கதையைச் சொல்லலாம். நிக்கோலாஸ் 4ஆம் நூற்றாண்டில் மீரா என்ற ஊரில் ஆயராக இருந்தவர், அந்த இடம் இன்றைக்குத் துருக்கியில் இருக்கிறது. கட்டிக்கொடுக்கக் காசில்லாமல் தவித்த ஒரு அப்பாவின் மூன்று பெண்களுக்காக, ஆள் தெரியாமல் ராத்திரி ஜன்னல் வழியாகப் பொற்காசு மூட்டையைப் போட்டார் என்று சொல்வார்கள். அன்றைக்கு அந்த ஜன்னலில் கொசுவலை இல்லை என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கீழவாசல்காரி:
பசுமலை அண்ணே, பிள்ளை ஆசைப்பட்டால் ஒரு டம்ளர் பால் வைத்துவிட்டுப் போகட்டுமே. நாலு வருஷத்தில் அவளே கண்டுபிடித்துவிட்டு, தம்பியிடம் சொல்லாமல் நம்மைவிட நன்றாக நடிப்பாள். ஏமாற்று என்று சொல்லும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

ஒத்தக்கடை சரவணன்:
நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, ஆனால் பக்கத்து வீட்டுக் குடிலுக்குப் பயிர் வளர்த்துக் கொடுப்பது எங்கள் அம்மாதான், அதனால் இதை எழுதுகிறேன். ஊரில் அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி போடுகிற கை. பழைய தட்டு அல்லது பிளாஸ்டிக் மூடியில் மண்ணும் காய்ந்த சாணமும் கலந்து பரப்பி, ஒரு ராத்திரி ஊறவைத்த கேழ்வரகோ கம்போ நெருக்கமாகத் தூவி, மேலே லேசாக மண் போட்டுத் தண்ணீர் தெளிக்கணும். முளைப்பாரியை இருட்டிலேயே வைப்பார்கள், அதனால்தான் மஞ்சளாக நீண்டு வளரும். குடிலுக்குப் பச்சையாக வேண்டும், ஆகவே முளைவிடும் வரை கூடையால் மூடிவிட்டு, அப்புறம் வெயில் படும் ஜன்னலில் வைத்துவிடுங்கள். 14, 15 தேதி வாக்கில் விதைத்தால் 24க்கு ஆடு மேய்கிற உயரம் வந்துவிடும். தண்ணீரை ஊற்றக் கூடாது, கையால் தெளிக்கணும், உங்கள் சின்னவனுக்கு இது சரியான வேலை.

அப்புறம் ஒரு வேண்டுகோள். 24 ராத்திரியே பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புங்கள். மறுநாள் பெரியவர்கள் கொண்டுவந்து கொடுத்தால் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவார்கள். பிள்ளைகள் வந்தால் உள்ளே வந்து உட்கார்ந்து எது எது யார் செய்தது, எது கருகிப்போனது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். தட்டை நாங்கள் காலியாகத் திருப்ப மாட்டோம், தீபாவளிக்கு எங்கள் பலகாரத் தட்டு உங்கள் வீட்டுக்கு வந்தால்தான் கணக்கு நேராகும்.

ஞானஒளிவுபுரம் மருமகள்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பூசைக்கு நானும் பெரியவளும் போகிறோம், அவர் சின்னவனோடு வீட்டில் இருந்துவிட்டுக் காலைப் பூசைக்குப் போவார். கேழ்வரகு வீட்டிலேயே இருக்கிறது, சரவணன் தம்பி சொன்ன தேதிக்குப் போட்டுவிடுகிறேன். பாலும் பிஸ்கட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது, அவர் பசுமலை அண்ணன் கட்சி. கலகலா சரி, அச்சுமுறுக்கும் சுடலாம் என்று புது அச்சு வாங்கினேன், மாவு அச்சை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறதே, அதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.

கீழவாசல்காரி:
புது அச்சு அப்படித்தான். ஒரு ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறப் போடு. சுடும்போது காய்கிற எண்ணெயிலேயே அச்சைக் கொஞ்ச நேரம் வைத்துச் சூடேற்றி, எண்ணெயை உதறிவிட்டு மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்கணும். மேல்விளிம்பை மாவு மூடிவிட்டால் சத்தியமாகக் கழலாது. ஒவ்வொரு தடவையும் அச்சைத் திரும்பச் சூடாக்கித்தான் முக்கணும். அப்படியும் முதல் நாலைந்து பிய்ந்துதான் வரும், அதை உன் கலகலா ஆட்களுக்குக் கொடுத்துவிடு.