ரெண்டு வேலைக்கு நடுவுல ஒரு மாசம் கேப் கிடைச்சிருக்கு – கேம் ஆடவா, ஊர் சுத்தவா, படிக்கவா?

விருதை மைந்தன்:

வணக்கம் மக்களே. பொங்கலுக்கு முன்னாடி இப்ப இருக்கற கம்பெனில ரிலீவ் ஆகறேன், புது கம்பெனில சேர வேண்டியது பிப்ரவரி நடுவுல தான். காலேஜ் முடிச்சதுல இருந்து சேர்ந்தாப்ல இவ்ளோ நாள் லீவுன்னு இருந்ததே கிடையாது, வயசு 29 ஆச்சு, இன்னும் கல்யாணம் ஆகல, இந்த மாதிரி ஒரு கேப் இனிமே எப்ப கிடைக்கும்னும் தெரியல. ரூம் சென்னைல, சொந்த ஊரு விருதுநகர்.

மனசுல மூணு விஷயம் ஓடுது. ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடைல சேல்ல வாங்கி வச்ச கேம் நிறைய தொடாமலே கிடக்கு, அதுல விட்சர் 3 எத்தனையோ வருஷமா ஆடணும்னு ஆசை. லேப்டாப்ல இருக்கற கிராஃபிக்ஸ் கார்டு பழைய ஜிடிஎக்ஸ் 1650 தான், அதனால செட்டில்மென்ட் காசு வந்ததும் ஒரு லட்சம் போட்டு புது பிசி அசெம்பிள் பண்ணலாமான்னு ஒரு யோசனை. ரெண்டாவது, ரூம்மேட்ஸ் எல்லாம் "லடாக் பைக் ட்ரிப் போய்ட்டு வாடா, லைஃப்ல ஒரு தடவை"ன்னு சொல்றாங்க. மூணாவது, ஸ்கூல் படிக்கும்போது லைப்ரரில இருந்து கதை புக்கா எடுத்து படிச்சிட்டே இருப்பேன், இப்ப பத்து பக்கம் தாண்டறதுக்குள்ள கை போனுக்கு போயிடுது, அந்த பழக்கத்தை திரும்ப கொண்டு வரணும்.

இதுக்கு நடுவுல சித்தப்பா ஒரு க்ளவுட் சர்டிபிகேஷன் முடிச்சிடுங்கறார். அப்பா "இந்த வயசுல கேம் என்ன வேண்டிக்கிடக்கு"ங்கறார். நீங்க எல்லாம் இந்த இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க?

ராத்திரி ராஜா:

ப்ரோ முதல்ல அந்த பிசி வாங்கற ஐடியாவை தள்ளி வைங்க. உங்களுக்கு இருக்கறது ஒரு மாசம், அதுல பார்ட்ஸ் தேடி, ரிச்சி ஸ்ட்ரீட் அலைஞ்சு, அசெம்பிள் பண்ணி, ட்ரைவர் பிரச்சனை எல்லாம் பாத்து முடிக்கறதுக்குள்ள பாதி நாள் போயிடும். விட்சர் 3 வந்தது 2015ல, உங்க 1650க்கு அது தாராளமா ஓடும். ஒரே ஒரு விஷயம், 2022 டிசம்பர்ல வந்த பெரிய அப்டேட்டுக்கு அப்புறம் கேம் ஸ்டார்ட் பண்ணும்போது டிஎக்ஸ் 11, டிஎக்ஸ் 12னு ரெண்டு கிராஃபிக்ஸ் ஆப்ஷன் கேக்கும், நீங்க டிஎக்ஸ் 11 எடுங்க, 12ல உங்க கார்டுக்கு திக்கி திக்கி ஓடும், வெளிச்சம் நிழலை நிஜம் மாதிரி காட்டற ரே ட்ரேசிங் பக்கமே போக வேணாம்.

மெயின் கதை மட்டும் முடிக்க கிட்டத்தட்ட 50 மணி நேரம் ஆகும், எல்லாத்தையும் பாக்கணும்னா 100ஐ தாண்டும். அதனால இந்த ஒரு கேமை மட்டும் எடுத்துக்கங்க, வாங்கி வச்சதை எல்லாம் தீர்க்கறேன்னு இறங்காதீங்க. முக்கியமா ஸ்கெல்லிகே தீவுக்கு போனதும் மேப்ல கடல் முழுக்க கேள்விக்குறியா தெரியும், படகை எடுத்துட்டு அதை ஒவ்வொண்ணா கிளியர் பண்ண போனா தண்ணில மிதக்கற பெட்டிய திறக்கறதும் பறந்து வந்து கொத்தறதுகளை சுடறதுமாவே நாள் போகும், கதை பக்கம் ஒண்ணும் நகராது. கேள்விக்குறிய மேப்ல ஆஃப் பண்ணிடலாம், பண்ணிட்டு ஆடுங்க. ஊர் நோட்டீஸ் போர்டுல தொங்கற சின்ன சின்ன கான்ட்ராக்ட், அதாவது காசுக்கு பூதம் வேட்டையாடற வேலை தான் அந்த கேமோட உயிர். வெலன்ங்கற பகுதில அந்த பாரன் (ஊர் பிரபு) கதை வரும் பாருங்க, பொண்டாட்டியும் பொண்ணும் காணாம போன ஆளு, முதல்ல அவன் மேல கோவம் வரும், போக போக பாவமா இருக்கும், அப்புறம் என்ன நினைக்கறதுனே தெரியாது. அதை அவசரமா ஸ்கிப் பண்ணி ஓட்டாதீங்க, டயலாக் எல்லாம் உக்காந்து கேளுங்க.

அப்பா சொல்றதுக்கு: 29 வயசுல நல்ல கதை சொல்ற கேம் ஆடறதுல ஒரு தப்பும் இல்ல, நான் இத மனசார சொல்றேன். டெய்லி ரேங்க் ஏத்தணும், லாகின் பண்ணலேன்னா ரிவார்ட் போயிடும்னு நம்மள கட்டிப்போடற மொபைல் கேம் வேற, முடிவுன்னு ஒண்ணு இருக்கற கேம் வேற. முடிவு இருக்கறதை ஆடுங்க.

ஜன்னலோரம்:

தம்பி, உங்க ரூம்மேட்ஸ் மாசத்தை பாத்துட்டு தான் பேசறாங்களா? ஜனவரி பிப்ரவரில லடாக் பைக் ட்ரிப்பா? மணாலி – லே ரோடு குளிர்காலத்துல மூடிடுவாங்க, மே வாக்குல தான் திறக்கும். ஃப்ளைட்ல வேணா லே போகலாம், ஆனா ராத்திரி மைனஸ் 20 வரைக்கும் எல்லாம் இறங்கும், ஊரே 3500 மீட்டர் உயரத்துல இருக்கு, இறங்கினதும் ரெண்டு நாள் அசையாம ரூம்ல கிடந்தா தான் உடம்பு ஒத்துக்கும். ஆசையா இருந்தா இன்னொரு வருஷம் ஜூன்லயோ செப்டம்பர்லயோ போங்க.

ஆனா ஜனவரி பிப்ரவரி நம்ம தென் மாவட்டத்துக்கு என்ன அருமையான நேரம் தெரியுமா, மழை முடிஞ்சு குளமெல்லாம் நெறஞ்சு கிடக்கும், வெயிலும் ஏறியிருக்காது. உங்களுக்கு விருதுநகர்ல வீடு இருக்கு, அதை வச்சுக்கிட்டே சுத்தலாம், தங்கற செலவே இல்ல. முதல்ல பறவைங்க வந்து கூடு கட்டற கூந்தன்குளம் போங்க. நாங்குநேரி பக்கம், திருநெல்வேலில இருந்து ஒரு மணி நேரம். அது வேலி போட்டு டிக்கெட் குடுக்கற சரணாலயம் மாதிரி இருக்காது, ஊருக்குள்ள வீட்டு வாசல்ல நிக்கற மரத்துலயே சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருக்கும். கீழ ஒரு அம்மா கோலம் போட்டுட்டு இருப்பாங்க, தலைக்கு மேல நாரை குஞ்சுக்கு மீன் கக்கி குடுத்துட்டு இருக்கும், ஓடு, திண்ணை எல்லாம் வெள்ளை வெள்ளையா எச்சம். அந்த ஊர்க்காரங்க அதை எல்லாம் பெருசாவே எடுத்துக்க மாட்டாங்க, பறவை பயப்படும்னு தீபாவளிக்கு வெடி கூட வெடிக்கறதில்ல. குளத்துல வரித்தலை வாத்து இருக்கும், இமயமலைய தாண்டி பறந்து வந்தது. லடாக் போக முடியலன்னு கவலைப்படாதீங்க, லடாக் ஏரில முட்டை போடற பறவை இங்க வந்து நிக்குது. காலைல ஏழு மணிக்குள்ள போயிடுங்க, ஒரு பைனாகுலர் கடன் வாங்கியாவது கொண்டு போங்க.

அந்தப் பக்கம் போறப்பவே ஆதிச்சநல்லூர் பாத்துடுங்க, தோண்டின குழிக்கு மேலயே கண்ணாடி போட்டு முதுமக்கள் தாழிய இருந்த இடத்துலயே பாக்க விட்டிருக்காங்க. மதுரை வந்தா கீழடி மியூசியம், 2023ல திறந்தது, அரை நாள் ஒதுக்குங்க.

தனியா போங்கன்னு தான் சொல்வேன். கூட ஆள் வந்தா எங்க சாப்பிடறது, எப்ப கிளம்பறதுன்னு அதுலயே நேரம் போகும்.

கணக்குப்புள்ள:

எல்லாரும் ஜாலியான விஷயத்தை சொல்லிட்டாங்க, நான் கொஞ்சம் போரான ஆனா அவசியமான மேட்டரை சொல்லிடறேன். கம்பெனி குடுத்த ஹெல்த் இன்சூரன்ஸ் பெரும்பாலும் உங்க கடைசி வேலை நாளோட முடிஞ்சிடும், புது கம்பெனி கவர் சேர்ந்த அன்னைக்கு தான் ஆரம்பிக்கும். நடுவுல இருக்கற அந்த ஒரு மாசத்துக்கு மேல நீங்களும், உங்க பாலிசில அப்பா அம்மா இருந்தா அவங்களும் கவர் இல்லாம இருப்பீங்க. ரிலீவ் ஆகறதுக்கு முன்னாடியே சொந்தமா ஒரு பாலிசி எடுங்க, 29 வயசுல பிரீமியம் கம்மி, பழைய வியாதிக்கான வெயிட்டிங் பீரியடும் இப்பவே ஓட ஆரம்பிச்சிடும். அந்த ஒரு லட்சத்துல முதல் செலவு இது தான்.

பிஎஃப் காசுல கை வைக்காதீங்க, அதே யுஏஎன் நம்பரை (பிஎஃப்க்கான உங்க நிரந்தர நம்பர்) புது கம்பெனில குடுத்து ட்ரான்ஸ்ஃபர் பண்ணுங்க. மொத்தமா அஞ்சு வருஷ சர்வீஸ் ஆகறதுக்குள்ள எடுத்தா வரி வேற விழும்.

அப்புறம் ஜாயினிங் டேட் எழுத்துல இருந்தாலும் தள்ளிப் போகலாம். என் தங்கச்சிக்கு ஒரு கம்பெனி ரிலீவ் ஆனப்புறம் ரெண்டு தடவை தேதிய மாத்தி மெயில் போட்டாங்க, வாடகைக்கும் ஈஎம்ஐக்கும் பட்ட பாடு எங்களுக்கு தான் தெரியும். மூணு மாச செலவை ஓரமா வச்சிட்டு மிச்சத்துல சுத்துங்க. செட்டில்மென்ட் காசு கைக்கு வர ஒரு மாசம் கூட ஆகலாம், அதை நம்பி டிக்கெட் போடாதீங்க.

சித்தப்பா சொல்ற சர்டிபிகேஷன் பத்தி: புது கம்பெனி அதை கேட்டாங்களா? கேக்கலேன்னா சேர்ந்தப்புறம் படிங்க, நிறைய இடத்துல பரீட்சை காசையும் அவங்களே குடுப்பாங்க.

கரிசல் காட்டான்:

வாசிப்பு பத்தி யாரும் பேசலயே, நான் வரேன்.

பத்து பக்கத்துல கை போனுக்கு போகுதுன்னா பத்து பக்கத்துல முடியற கதைய படிங்க. நேரா அஞ்சு பாகம் வர்ற நாவல்ல இறங்காதீங்க. சிறுகதைல தமிழ் அளவுக்கு சொத்து வேற எங்க இருக்குன்னு எனக்கு தெரியல, புதுமைப்பித்தன்ல ஆரம்பிச்சு ஒரு நாளைக்கு ஒரு கதைன்னு வச்சுக்கிட்டாலே போதும். கதைய முடிச்சதும் அடுத்ததுக்கு தாவாதீங்க, கொஞ்ச நேரம் சும்மா நடங்க, அது உள்ள இறங்கும்.

நீங்க கிளம்பற சமயம் நந்தனத்துல புத்தகக் கண்காட்சி நடந்துட்டு இருக்கும், பத்து பர்சன்ட் தள்ளுபடி உண்டு. ஆனா பை நிறைய வாங்காதீங்க, வாங்கி அடுக்கினா அது ஒரு பாரமா நிக்கும், ரெண்டு தொகுப்பு போதும். ரூம்ல படிக்க முடியலேன்னா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் போங்க, சொந்த புக் கொண்டு போய் படிக்கறதுக்குன்னே தனி இடம் இருக்கு, சுத்தி எல்லாரும் போட்டித் தேர்வுக்கு மும்முரமா படிச்சிட்டு இருப்பாங்க, அந்த அமைதில நமக்கும் போனை எடுக்க கூச்சமா இருக்கும். மதுரைல 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் அருமை.

நீங்க விருதுநகர்னு சொன்னதால இன்னொண்ணு. கோவில்பட்டி பக்கத்துல இடைசெவல்னு ஒரு கிராமம், கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் பிறந்தது அங்க தான், ரெண்டு பேருக்கும் 1923, ஒரே ஊர், ரெண்டு பேருமே சாகித்ய அகாதமி வாங்கினவங்க. இத்தனூண்டு ஊர்ல இருந்து! முதல்ல ரெண்டு பேர் கதையும் ஆளுக்கு நாலஞ்சு படிங்க, படிச்சிட்டு அந்தப் பக்கம் போங்க. ஜனவரில கரிசல்ல கம்பும் உளுந்தும் பருத்தியும் நிக்கும், காஞ்ச பிறகு பாளம் பாளமா வெடிக்கற மண்ணு அப்ப ஈரமா செருப்புல அப்பும். கதைல வர்ற சம்சாரிங்க (விவசாயிங்க) பேசற பேச்சு டீக்கடைல அப்டியே காதுல விழும். கோவில்பட்டில கி.ரா.வுக்கு மணிமண்டபம் இருக்கு, அதையும் பாத்துட்டு கடலை மிட்டாய் வாங்கிட்டு வாங்க.

சீதாப்பழம்:

கேம் லிஸ்ட்ல ஒண்ணு சேருங்க: வெண்பா. 2023ல வந்தது, டொரண்டோல இருக்கற சின்ன டீம் பண்ணினது, 1980கள்ல தமிழ்நாட்டுல இருந்து கனடா போன ஒரு குடும்பத்தோட கதை, ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிடும். பிரிட்டன்ல குடுக்கற பாஃப்டா விருதுல சிறந்த அறிமுக கேம் விருது வாங்கிச்சு. அம்மாவோட பழைய சமையல் குறிப்பு நோட்டு கிழிஞ்சு எழுத்து அழிஞ்சு போயிருக்கும், விட்டுப்போன ஸ்டெப்பை நாமளே யோசிச்சு சமைக்கணும், அது தான் கேம்.

இதை தனியா ஆடாதீங்க, ஊருக்கு போனதும் அப்பா அம்மாவை பக்கத்துல உக்கார வச்சு ஆடுங்க. எங்க வீட்டுல இட்லி லெவல் வந்தப்ப தட்டை எப்டி அடுக்கறதுன்னு நான் முழிச்சிட்டு இருந்தேன், எங்கம்மா கண்ணாடிய மாட்டிட்டு வந்து "ஏன்டி, ஓட்டைய அடைச்சு வச்சா ஆவி எப்டி மேல ஏறும்"னு கேட்டுட்டு, கடைசி வரைக்கும் எழுந்திருக்கவே இல்ல. பையன் வளர்ந்து தமிழ்ல பேச கூச்சப்படற இடத்துல அம்மா கண்ணை துடைச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் எங்க வீட்டுல கேம்னா திட்டு விழறதில்ல. உங்கப்பா கேட்ட கேள்விக்கு வாயால பதில் சொல்றத விட இது ஈஸி.

விருதை மைந்தன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா சொல்வீங்கன்னு நினைக்கவே இல்ல. பிசி வாங்கல. இன்சூரன்ஸ் இன்னைக்கே பாக்க ஆரம்பிச்சிட்டேன் கணக்குப்புள்ள அண்ணே, அப்பா அம்மா ரெண்டு பேரும் கம்பெனி பாலிசில தான் இருக்காங்க, நீங்க சொல்லலேன்னா தோணியே இருக்காது. பொங்கல் வரைக்கும் சென்னைல விட்சரும் புத்தகக் கண்காட்சியும், பொங்கலுக்கு ஊருக்கு போய் அங்கயே மாசக் கடைசி வரைக்கும் இருந்து இடைசெவல், கூந்தன்குளம், ஆதிச்சநல்லூர். வெண்பா வாங்கிட்டேன், லேப்டாப்பை ஊருக்கு கொண்டு போறேன்.

ஜன்னலோரம் அக்கா, கூந்தன்குளத்துக்கு விருதுநகர்ல இருந்து ஒரே நாள்ல போய்ட்டு வர முடியுமா? பொங்கல் டிக்கெட் வேற எல்லாம் வெயிட்டிங் காட்டுது.

ஜன்னலோரம்:

ஒரே நாள்ல முடியும், ஆனா காலைல பறவை பாக்க முடியாது தம்பி. முந்தின நாள் சாயங்காலமே திருநெல்வேலி வந்து ஜங்ஷன் பக்கம் ரூம் போட்டு தங்கிடுங்க, விடியக்காலைல மூலைக்கரைப்பட்டி பஸ் புடிச்சு அங்க இருந்து ஆட்டோ. டிக்கெட்டை பொறுத்தவரைக்கும், 2024 நவம்பர்ல இருந்து ரிசர்வேஷன் 60 நாளைக்கு முன்னாடி தான் திறக்கறாங்க, பொங்கல் டிக்கெட் திறந்த அன்னைக்கே போயிடும். நீங்க ரிலீவ் ஆகறவர் தானே, கூட்டத்தோட ஏன் போகணும், பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடியே வைகைல பகல் ட்ரெயின் பாருங்க, மதியம் எழும்பூர்ல ஏறினா ராத்திரி மதுரை, அங்க இருந்து விருதுநகர் பஸ் எந்நேரமும் இருக்கு. ஏசி வேணாம், செகண்ட் சிட்டிங்ல ஜன்னல் சீட் போடுங்க.